சாவியை எடுத்த பிறகும்

மாஸ்டருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஆசை ஒருநாளும் இருந்ததில்லை. பேக்கரியில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள், மாஸ்டர் என்று. விடியும் முன்பே வந்து மாவு பிசைவார், செங்கல் அடுப்பைச் சூடேற்றுவார், ரொட்டி சுட்டு அடுக்குவார், மத்தியானம் வீட்டுக்குப் போய் ஒரு தூக்கம் போடுவார். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகாத மனிதர். கைகள் இரண்டும் கெட்டிக்காரக் கைகள். மாவைத் தொட்டவுடனே அது இன்னும் எவ்வளவு பொங்கும் என்று சொல்லிவிடும். கால்களுக்கு மட்டும் நாள் முழுக்க நிற்பதைத் தவிர வேறு வேலை தெரியாது.

அப்படி இருக்கையில், பேக்கரி வேனை ஓட்டிக்கொண்டிருந்த ஆள் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். முதலாளி மாஸ்டரைக் கூப்பிட்டார்.

"நீயே ஓட்டக் கத்துக்கோயேன். சுட்டவன் கையாலயே ரொட்டி கடைக்குப் போனா அது ஒரு அழகுதானே?"

"எனக்கு சைக்கிளே நேராப் போகாதுங்க."

"கார்ல நாலு சக்கரம் இருக்குய்யா. விழ மாட்டே."

அடுத்த வாரமே பேக்கரிக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த டிரைவிங் ஸ்கூலில் போய் நின்றார்.

ஸ்கூல் என்றால் ஓர் அறை, ஒரு மேஜை, சுவர் முழுக்கச் சாலைக் குறிகளின் படங்கள், வாசலில் ஒரு மரம், மரத்தடியில் வெளிறிப்போன நீல நிறத்தில் ஒரு பழைய கார். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர்தான் முதலாளி. ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவருடைய மகள். எல்லாருக்கும் அவர் டீச்சர். மாஸ்டரை விட இரண்டொரு வயது இளையவராக இருப்பார். கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டு, கை மணிக்கட்டில் பெரிய ஆம்பளைக் கடிகாரம் ஒன்று கட்டியிருப்பார். குரலை உயர்த்தவே மாட்டார். எதிரே லாரி வந்தாலும், "பிரேக்கைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க" என்றுதான் சொல்வார். அதற்குள் அவருடைய காலே பிரேக்கை அமுக்கியிருக்கும். அந்தக் காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் உண்டு.

முதல் நாள் பாடம் ஒருவழியாக முடிந்தது. மாஸ்டர் வியர்வையில் நனைந்து, ஸ்டீயரிங்கை ரொட்டி மாவு மாதிரி பிசைந்துகொண்டே மரத்தடிக்கு வந்து சேர்ந்தார்.

"நியூட்ரல்ல போடுங்க. ஹேண்ட்பிரேக்கை இழுங்க. இப்ப சாவியைத் திருப்பி அணைச்சுடுங்க."

மாஸ்டர் சாவியைத் திருப்பினார். இன்ஜின் அணையவில்லை. டக், டக், குடுகுடு, டக் என்று இருமிக்கொண்டு ஓடியது. கார் முழுக்கக் குலுங்கியது. கூரைமேல் இருந்த ஸ்கூல் போர்டு கடகடவென்று ஆடியது. மாஸ்டர் சாவியையே உருவி எடுத்துவிட்டார். அப்போதும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"டீச்சர், நான் ஒண்ணும் பண்ணலைங்க! சாவி இந்தா என் கையிலதான் இருக்கு!"

திருட்டுப் பட்டம் கட்டியவரிடம் கையை விரித்துக் காட்டுகிறவர் மாதிரி அவர் சாவியை நீட்டிய விதத்தைப் பார்த்து டீச்சர் சிரித்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வர, குனிந்து சிரித்தார். அதற்குள் இன்ஜின் கடைசியாக ஒரு தும்மல் தும்மிவிட்டு நின்றது. பானெட்டுக்கு அடியிலிருந்து டிக், டிக் என்று இரும்பு ஆறுகிற சத்தம் மட்டும் வந்தது.

"பயப்படாதீங்க. இதுக்குப் பேரே வாயாடிதான். சாவியை எடுத்தாலும் பேச்சை நிறுத்தாது."

"ரிப்பேரா டீச்சர்?"

"ரிப்பேர்னு சொன்னா அப்பாவுக்குக் கோபம் வரும். வயசாயிடுச்சுன்னு சொல்லணும்."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மாஸ்டர் அந்தச் சிரிப்பையே நினைத்துக்கொண்டு போனார். தான் ஒருவரை இப்படிச் சிரிக்க வைத்துப் பல வருஷம் ஆகியிருக்கும் என்று தோன்றியது.

அதன் பிறகு ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் இதுவே வழக்கமாகிவிட்டது. மாஸ்டர் சாவியைத் திருப்புவார். வாயாடி தன் பாட்டுக்குப் புலம்பத் தொடங்கும். அது நிற்கும்வரை இறங்கக்கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்ததால் இருவரும் குலுங்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். ஓட்டும்போது டீச்சர் பாடத்தைத் தவிர ஒரு வார்த்தை பேசமாட்டார். இந்தக் கொஞ்ச நேரத்தில்தான் மற்றதெல்லாம்.

"உங்க காதுக்குப் பின்னால எப்பவும் மாவு இருக்கே, தெரியுமா?" என்று ஒருநாள் கேட்டார்.

மாஸ்டர் தடவிப் பார்த்தார். இருந்தது. "கண்ணாடியில அந்த இடம் தெரியாதுங்களே."

"சொல்றதுக்கு வீட்ல ஆள் இல்லையா?"

"அம்மா இருந்தப்போ சொல்லுவாங்க."

இன்ஜின் தும்மி நின்றது. இறங்கும்போது டீச்சர், "எங்க வீட்லயும் அம்மா இல்லை" என்று மட்டும் சொன்னார்.

இன்னொரு நாள் மாஸ்டர், இந்த வண்டி இப்படி ஓடுவதற்கு என்னதான் காரணம் என்று கேட்டார். டீச்சர் கையை அசைத்து விளக்கினார். "உள்ள கரி பிடிச்சுப் போயிருக்கு. அது தணல் மாதிரி கனன்னுகிட்டே இருக்கும். நீங்க சாவியை எடுத்ததும் ஸ்பார்க் நின்னுடும். ஆனா அந்தத் தணல் இருக்கே, அது வர்ற பெட்ரோலை எல்லாம் பத்த வெச்சுக்கிட்டே இருக்கும்."

"அட, எங்க அடுப்பும் அப்படித்தாங்க. தீயை வெளிய வாரிப் போட்டப்புறமும் அந்தக் கல்லுல இருக்கிற சூட்டுலயே ஒரு ஈடு ரொட்டி வெந்துடும். அந்த ஈடுதான் ருசியே."

"அப்படியா? அந்த ஈடு கடைக்கு வருமா, இல்ல நீங்களே சாப்ட்டுடுவீங்களா?"

மறுநாள் மாஸ்டர் ஒரு பொட்டலத்தோடு வந்தார். டீச்சர் அதைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டு, அப்பாவுக்குப் பாதி எடுத்து வைத்தார். மாஸ்டருக்கு அன்று கிளட்ச், கியர், கண்ணாடி எதுவுமே பிடிபடவில்லை. வந்த வழியெல்லாம் வண்டி தவளை மாதிரி தத்தித் தத்தித்தான் வந்தது.

இப்படியே போனால் லைசென்ஸ் எப்படிக் கிடைக்கும்? மற்றவர்கள் எல்லாம் கற்றுக்கொண்டு கிளம்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் மட்டும் வகுப்பில் தங்கிப்போன பையன் மாதிரி அதே மரத்தடிக்கு வந்துகொண்டிருந்தார். ஒருவழியாகத் தேர்வு நாள் வந்தது.

தேர்வு அதிகாரி வழுக்கைத் தலையர், சிரிப்பு என்றால் என்ன விலை என்று கேட்கிற முகம். மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கச் சொன்னார். வண்டி முன்னால் போவதற்குப் பதில் நிதானமாகப் பின்னால் வந்தது. அதிகாரி பல்லைக் கடித்துக்கொண்டார். கடைசியில், "ஓரமா நிறுத்தி அணைங்க" என்றார். மாஸ்டர் அணைத்தார். வாயாடி தன் வேலையை ஆரம்பித்தது. அந்தக் குலுக்கல் தொடங்கியதுதான் தாமதம், பழக்க தோஷம், மாஸ்டர் தன்னை மறந்து பக்கத்து இருக்கைப் பக்கம் திரும்பிச் சிரித்த முகத்தோடு, "இன்னைக்கு மாவு பொங்கவே இல்லைங்க" என்று சொல்லிவிட்டார்.

அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். "யோவ், முதல்ல வண்டியை நிறுத்துய்யா!"

"நிறுத்திட்டேங்க. அதுதான் நிக்கல."

தோற்றுப்போனார் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? டீச்சரிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் சிரிப்பை அடக்க முடியாமல் சாலைக் குறிப் படங்களின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பெரியவர்தான் முகத்தைத் தொங்கப்போட்டார். அந்த அதிகாரி அவரைக் கூப்பிட்டு, இந்த ஓட்டை வண்டியை இனிமேல் தேர்வுக்கு அனுப்பினால் நடக்கிறதே வேறு என்று சத்தம் போட்டிருந்தார்.

மாஸ்டருக்கோ தோற்றதில் துளிகூட வருத்தமில்லை. இன்னும் சில வாரம் கிடைத்ததே என்றுதான் இருந்தது. தனக்கே அது விசித்திரமாகப் பட்டது.

அந்தச் சமயத்தில்தான் நர்ஸம்மா ரொட்டி வாங்க வந்தார். பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலை, வாய் கொஞ்சம் நீளம், நல்ல மனசு. அதே ஸ்கூலில் படித்து முதல் தடவையே லைசென்ஸ் வாங்கியவர்.

"என்ன மாஸ்டர், கோட்டை விட்டுட்டீங்களாமே?"

"வாயாடி காலை வாரிடுச்சுங்க. அணைச்சப்புறமும் ஒரே பேச்சு. உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்கெப்படித் தெரியும்? எங்களுக்கெல்லாம் டக்குனு நின்னுடுமே."

"நின்னுடுமா?"

"நாங்க சாவியைத் திருப்பும்போதே டீச்சர் கியர்ல போடச் சொல்லிடுவாங்க. பிரேக்கை அமுக்கிக்கிட்டு கிளட்சை விடச் சொல்லுவாங்க. நாம தடுமாறினா அவங்க பக்கத்துல இருக்கிற கிளட்சை அவங்களே அமுக்கி விட்ருவாங்க. ஒரு உதறு உதறும், அப்புறம் கம்முனு ஆயிடும். ஏன், உங்களுக்குச் சொல்லித் தரலையா?"

மாஸ்டர் கையிலிருந்த நீளக் கரண்டியோடு அப்படியே நின்றார். கருகிய வாசனை வந்து, கடைப் பையன்கள் கத்தி, நர்ஸம்மாவும் மூக்கைப் பொத்திக்கொண்டு "மாஸ்டர், அடுப்பு!" என்று சொன்ன பிறகுதான் திரும்பினார். அத்தனை வருஷத்தில் அவர் கையில் ஓர் ஈடு ரொட்டி கருகியது அன்றைக்குத்தான். முதலாளி திட்டினார். திட்டு எதுவும் காதில் ஏறவில்லை. எல்லாருக்கும் உடனே நின்றுவிடுகிற வண்டி. தனக்கு மட்டும் ஓடவிட்டிருக்கிறார் டீச்சர். இதைத்தான் அவர் மனசு திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தது.

அவர் பேச்சில் சமர்த்தர் இல்லை. ஆனால் ஒரு வாக்கியத்தைத் தயார் பண்ணிக்கொண்டார். மாவு பிசையும்போது சொல்லிப் பார்த்தார், குளிக்கும்போது சொல்லிப் பார்த்தார். அதை வாயாடி புலம்பும் நேரத்தில் சொல்வது என்று முடிவு செய்தார். அதில் ஒரு தந்திரமும் இருந்தது. டீச்சர் முகம் மாறினால், "இன்ஜின் சத்தத்துல உங்களுக்கு வேற மாதிரி கேட்டிருக்குங்க" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

அன்று காதுக்குப் பின்னால் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போனார். பாடம் நன்றாகவே போயிற்று. மேட்டில்கூட வண்டி பின்னால் வரவில்லை. டீச்சர்தான் என்னவோ வாட்டமாக இருந்தார். மரத்தடிக்கு வந்தார்கள். நியூட்ரல். ஹேண்ட்பிரேக். மாஸ்டர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினார். வாயைத் திறந்தார்.

இன்ஜின் நின்றுவிட்டது.

ஒரு குலுக்கல் இல்லை, ஓர் இருமல் இல்லை. கத்தரியால் வெட்டியது மாதிரி சட்டென்று நின்றது. தெருவில் யாரோ கதவைச் சாத்துகிற சத்தம்கூடக் கேட்டது. திறந்த வாய் திறந்தபடியே மாஸ்டர் உட்கார்ந்திருந்தார்.

"நேத்து மெக்கானிக் வந்தார்" என்றார் டீச்சர், முன் கண்ணாடியைப் பார்த்தபடி. "அந்த அதிகாரி சத்தம் போட்டதுல அப்பா பயந்துட்டார். கார்பரேட்டரைக் கழட்டி, கரியெல்லாம் சுரண்டி எடுத்துட்டாங்க."

"நல்லாயிடுச்சா?"

"நல்லாயிடுச்சு."

துக்கச் செய்தி சொல்வது போல இருந்தது அவர் சொன்ன விதம். பானெட்டுக்குள் இரும்பு மட்டும் டிக், டிக் என்றது. மாஸ்டர் தயார் பண்ணி வைத்திருந்த வாக்கியம் அடியோடு மறந்துபோயிற்று. அதன் இடத்தில் வேறொன்று வந்து விழுந்தது.

"நர்ஸம்மா சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

"கியர்ல போட்டு கிளட்சை விட்டா உடனே நின்னுடுமாம். அவங்களுக்கெல்லாம் அப்படித்தான் நிறுத்துவீங்களாம்."

டீச்சருடைய காது நுனி சிவந்தது. கடிகாரத்தின் வாரைத் திருகிக்கொண்டார்.

"ஆமா."

"எனக்கு ஏன் சொல்லித் தரலை?"

"உங்களுக்கு கிளட்சே இன்னும் சரியா வரலையே" என்றார் டீச்சர். சொல்லி முடிப்பதற்குள் குரல் தடுமாறிவிட்டது. லாரி எதிரே வந்தாலும் தடுமாறாத குரல்.

அப்போது பார்த்து யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். அடுத்த பாடத்துக்கு வந்திருந்த மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். குனிந்து உள்ளே பார்த்து, மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். மாஸ்டர் அவசர அவசரமாகக் கதவுக் கைப்பிடியைப் பிடித்தார். டீச்சர் தன் பக்கத்துக் கண்ணாடியை மெல்ல இறக்கினார்.

"கொஞ்சம் இருங்க சார். இன்னும் இன்ஜின் நிக்கலை."

கடைக்காரர் பானெட்டைப் பார்த்தார். காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டார். அது கல் மாதிரி கிடந்தது. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரிங்க, சரிங்க. மெதுவாவே நிக்கட்டும்" என்று சொல்லி மரத்தின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். டீச்சர் கண்ணாடியை மேலே ஏற்றினார். மாஸ்டர் கைப்பிடியை விட்டார்.

உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்பதில் இன்று வரை அவர்கள் இருவருக்கும் ஒத்துப்போவதில்லை. நான்தான் கேட்டேன் என்பார் மாஸ்டர். கேட்கட்டும் என்று காத்திருந்தால் பேரன் பேத்தி எடுத்த பிறகுதான் கேட்டிருப்பார், அதனால் நானே கேட்டேன் என்பார் டீச்சர். அவர்களுடைய மகள் சின்ன வயதில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் ஒருவர் பக்கம் சேர்ந்துகொள்வாள்.

பெரியவரிடம் சொன்னது டீச்சர்தான், அதில் சந்தேகமில்லை. பெரியவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மேட்டுல வண்டியைப் பின்னால விடுறாரே, அந்த ஆளா?"

"இப்ப விடுறதில்லைப்பா."

"ரொட்டி நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் பெரியவர். அவ்வளவுதான் அவருடைய சம்மதம்.

அடுத்த தேர்வில் மாஸ்டர் தேறிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதே வழுக்கைத் தலை அதிகாரி, வண்டி அணைந்ததும், "இன்னைக்கு மாவு எப்படி?" என்று முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் கேட்டாராம். மாஸ்டர் இதைச் சத்தியம் பண்ணிச் சொல்வார். யாரும் நம்புவதில்லை.

கல்யாணத்துக்குப் பிறகும் அவர் டீச்சரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். டீச்சரும் அவரை மாஸ்டர் என்றே. விடியலில் அவர் ரொட்டி சுட்டு, வேனில் ஏற்றிக் கடை கடையாகப் போடுவார். டீச்சர் மரத்தடியில் பாடம் நடத்துவார். மத்தியானம் இருவரும் வீட்டில் சேர்ந்து சாப்பிடுவார்கள். வாயாடி அதன் பிறகு வாயே திறக்கவில்லை. மெக்கானிக் அத்தனை நன்றாகச் செய்திருந்தார். சில நாள் டீச்சர் அவரிடம், "பழையபடி கொஞ்சம் கரி பிடிக்க எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்பார். அந்த ஆளுக்கு விளங்காது. தன் வேலையில் குறை சொல்கிறார்களோ என்று மறுபடியும் திறந்து துடைத்துவிட்டுப் போவார்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் டிரைவிங் ஸ்கூலுக்குப் புதுக் கார் வந்தது. நீலக் காரை ஒரு கோழிப்பண்ணைக்காரர் வாங்கிக்கொண்டு போனார். கூரைப் போர்டைக் கழற்றி, பக்கத்து இருக்கைக்கு அடியில் இருந்த பிரேக்கையும் கிளட்சையும் எடுத்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். டீச்சர் அன்று வாசலுக்கு வரவில்லை. உள்ளே சுவர்ப் படங்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த படத்தையே மறுபடியும் துடைத்தார் என்று பெரியவர் பிறகு மாஸ்டரிடம் சொன்னார்.

கொஞ்ச காலம் கழித்து, ஒரு காலை, மாஸ்டர் வேனில் ரொட்டி கொண்டுபோகும்போது கடைத்தெருவில் வாயாடியைப் பார்த்தார். பின் இருக்கை எடுக்கப்பட்டு, அந்த இடம் முழுக்க முட்டை அட்டைகள் அடுக்கியிருந்தன. கூரையில் போர்டு இருந்த இடத்து ஓட்டைகளை யாரோ தாரால் அடைத்திருந்தார்கள். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. நீலம் இன்னும் வெளிறியிருந்தது. மாஸ்டருக்கு என்ன தோன்றியதோ, ஹாரனை அடித்தார். முட்டைக்காரர் வழி கேட்கிறார்கள் என்று நினைத்து ஒதுங்கிக்கொடுத்தார். கையைக் காட்டி நன்றி சொல்லிவிட்டுப் போவதைத் தவிர மாஸ்டருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று.

மத்தியானம் சோறு போடும்போது அவர் அதைச் சொன்னார். டீச்சர் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"முட்டை எதுவும் உடைஞ்சிருந்துதா?"

"பார்த்த வரைக்கும் இல்லை."

"அப்ப கிளட்சை நல்லாத்தான் விடுறார்" என்றார் டீச்சர். பிறகு உட்கார்ந்து, தனக்கும் ஒரு தட்டை எடுத்து வைத்துக்கொண்டார்.